சூடாகிறது, ஆனால் காயவில்லை: டிரையரில் ஹீட்டர்தான் போயிருக்கிறதா?

கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) 14-வது மாடியில் இருக்கும் சகோதரி கேட்டிருப்பது இது. வீட்டில் இருப்பது 7 கிலோ டிரையர், ஈரக் காற்றை வெளியே தள்ளும் சாதாரண வகை, வாங்கி 4 வருடம் ஆகிறது. முன்பு ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்த துணி இப்போது 3 மணி நேரம் ஓடியும் ஈரமாகவே வருகிறது. டிரம் சுற்றுகிறது, கதவைத் திறந்தால் துணி சூடாகத்தான் இருக்கிறது. வந்து பார்த்த டெக்னீஷியன் மிஷினைக் கழற்றாமலே, "ஹீட்டர் போய்விட்டது, மாற்ற 380 வெள்ளி (ரிங்கிட்)" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாற்றலாமா, புதிதாக வாங்கிவிடலாமா, இல்லை கணவரே திறந்து பார்க்கலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் மூன்றாகக் கேட்டிருந்தாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஹீட்டர் உண்மையிலேயே போயிருக்கிறதா, அதை வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது. அது தெரிந்துவிட்டால் 380 வெள்ளி கொடுக்கலாமா என்பதும், கணவர் எதுவரை கை வைக்கலாம் என்பதும் தானாகத் தெளிவாகிவிடும். நான் தொழிற்கல்லூரியில் மின்சாரம் படித்தவன். செந்தூல், ஜாலான் ஈப்போ வட்டாரத்தில் பல வருடமாக வீட்டுச் சாமான்கள் பழுது பார்த்து வருகிறேன். மிஷினைக் கண்ணால் பார்க்காமல் சொல்வதால், எதை உறுதியாகச் சொல்கிறேன், எது சோதித்த பிறகுதான் தெரியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: துணி சூடாகவும் ஈரமாகவும் வெளியே வந்தால் ஹீட்டர் முழுசாகப் போகவில்லை. ஹீட்டர் செத்த மிஷினில் துணி குளிர்ந்து, ஈரமாக, சுற்றிச் சுற்றிக் கசங்கி வரும். சூடு இருந்தும் காயவில்லை என்றால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் பார்த்த "காயவில்லை" புகார்களில் பெரும்பாலானவை காற்று ஓட்டத்தில்தான் வந்து முடிந்திருக்கின்றன. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில மாடல்களில் ஹீட்டருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று அறுந்தால் பாதிச் சூடு மட்டும் வரும், துணியும் இளஞ்சூட்டில் ஈரமாக வரும். உங்களுடையது அப்படியா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. சோதிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த எடையில் 3 கிலோ வரும் பருத்தித் துணி, 800 சுற்று வேகத்தில் பிழிந்து வந்தால், ஏறக்குறைய 2 கிலோ தண்ணீரைத் தன்னோடு வைத்திருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆக 2 கிலோவுக்கு 1.3 யூனிட்டுக்கு மேல். டிரம்மும் துணியும் சூடாவதற்கும், வீணாகிற சூட்டுக்கும் சேர்த்து நடைமுறையில் 2 யூனிட் வரை போகும். 2000 வாட் ஹீட்டருக்கு அது ஒரு மணி நேர வேலை. ஆனால் ஆவியான அந்த 2 கிலோ தண்ணீரை வெளியே தூக்கிக்கொண்டு போவது காற்று. காற்று குறைந்தால் ஆவி டிரம்முக்குள்ளேயே நிற்கும். ஹீட்டர் பக்கத்தில் சூடு தேங்கும். அங்கே இருக்கும் தெர்மோஸ்டாட் "போதும்" என்று ஹீட்டரை நிறுத்தும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி போடும், மறுபடி நிறுத்தும். இப்படி 3 மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஹீட்டர் அணைந்தே கிடக்கும். அந்த அணைந்த நேரத்தில் வந்து கை வைத்துப் பார்ப்பவர் ஹீட்டர் போய்விட்டது என்றுதான் நினைப்பார். உங்கள் டெக்னீஷியன் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் சொல்லிவிட்டார் என்பது மட்டும் தெரிகிறது.

அதனால் முதல் வேலை பஞ்சு வலை. கதவுப் பக்கமோ டிரம்மின் பின்புறமோ இருக்கும். ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வலை சுத்தமாகத் தெரிந்தாலும் அடைபட்டிருக்கலாம். வாசனைக்காகப் போடும் சாஃப்டனரும் டிரையர் ஷீட்டும் வலையின் கண்களில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் ஒன்றை விட்டுவிடும். வலையைக் கழற்றி, குழாய்க்கு அடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நேராக இறங்கினால் நல்லது. வலைமேல் குளம்போல் நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். வலை கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். கிழிந்த வலையோடு ஓட்டினால் பஞ்சு நேராக உள்ளே, ஹீட்டர் பக்கம் போய்ச் சேரும். வலை உட்காரும் பள்ளத்திலும் பஞ்சு படிந்திருக்கும். வேக்குவமின் ஒடுக்கமான முனையை விட்டு உறிஞ்சி எடுங்கள்.

அப்புறம் மிஷின் நிற்கிற இடம். இதைத்தான் கொண்டோக்காரர்கள் கவனிப்பதில்லை. உங்கள் யார்டு, அதாவது துணி துவைத்துக் காயப்போடும் பின்பக்க இடம், எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மழைச் சாரலுக்காகவும் புகைமூட்டத்துக்காகவும் கண்ணாடி ஜன்னல் போட்டு அடைத்த யார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாதாரண வகை டிரையர் 2 கிலோ தண்ணீரை ஆவியாக அந்தச் சின்ன இடத்தில் கக்கிவிட்டு, அதே காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும். மூடி போட்ட சட்டியில் குழம்பு வற்றாது. அதே கதைதான். கோலாலம்பூரே ஈரமான ஊர், அதனால்தான் காயவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நம் ஊர்க் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 16 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று துணியை நன்றாகவே காய வைக்கும். ஆனால் அடைத்த யார்டில் 40 டிகிரிக்கு ஏறி, ஆவி நிறைந்து போன காற்றை அதே 60 டிகிரிக்குச் சூடாக்கினாலும் ஈரப்பதம் 37 விழுக்காட்டில் நிற்கும். காயும் வேகம் அங்கேயே விழுந்துவிடும். டிரையர் ஓடும்போது யார்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்துங்கள், மிஷினை நோக்கி ஒரு ஃபேன் போடுங்கள். மிஷினின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். பல மாடல்கள் பின்னாலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. தரைவீட்டுக்காரர்கள் குழாய் வைத்து வெளியே விட்டிருந்தால் அந்தக் குழாய் குட்டையாக, நேராக, உலோகத்தில் இருக்கட்டும். வெளிவாயில் கொசு வலை கட்டக் கூடாது, ஒரு மாதத்தில் பஞ்சு அதை மூடிவிடும்.

துணி துவைக்கும் மிஷினையும் விசாரிக்க வேண்டும். டிரையர் மாறாமலே, வாஷிங் மிஷின் பிழிவது குறைந்ததால் காயும் நேரம் கூடியிருக்கலாம். துவைத்த துணியை எடுத்துக் கையால் முறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் பழுது அங்கே இருக்கிறது. பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு முறை ஓட்டிவிட்டு டிரையரில் போடுங்கள். தண்ணீரைச் சுழற்றி எடுக்கிற மின்சாரம், சூடாக்கி எடுக்கிற மின்சாரத்தில் சிறு பங்குகூட வராது. 7 கிலோ என்று எழுதியிருந்தாலும் துண்டு, ஜீன்ஸ், பெட்ஷீட் எல்லாம் சேர்த்து டிரம்மில் பாதிக்கு மேல் திணிக்காதீர்கள். சேலையும் வேட்டியும் மற்றத் துணிகளைச் சுற்றி உருண்டையாக்கிவிடும், நடுவில் இருப்பது எத்தனை மணி நேரம் ஓடினாலும் காயாது. அவற்றைத் தனியாகப் போடுங்கள். பட்டு டிரையருக்கே போகக் கூடாது. இன்னொன்று, முகப்பில் மென்மையான துணிக்கென்று குறைந்த சூட்டுக்கு ஒரு பட்டன் இருக்கும். பிள்ளைகள் அதை அழுத்தி வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மாற்றம் இல்லை என்றால் அப்போதுதான் மின்சாரப் பக்கம் போக வேண்டும். அதிலும் மிஷினைத் திறக்காமலே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிளக்கும் சுவர் சாக்கெட்டும் சேரும் இடத்தில் மாட்டுகிற வாட் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். 13 ஆம்பியர் தாங்குவதாகவும் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ளதாகவும் இருக்கட்டும். மிஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். 2000 வாட் மிஷின் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சூட்டில் போட்ட முதல் சில நிமிடத்தில் மீட்டர் 2000-ஐ ஒட்டிக் காட்டினால் ஹீட்டர் முழுசாக வேலை செய்கிறது, 380 வெள்ளியை மறந்துவிடலாம். ஆயிரத்தைச் சுற்றியே நின்றால் ஒரு சுருள் போயிருக்கலாம், அல்லது குறைந்த சூட்டு பட்டன் அழுத்தியிருக்கலாம். 200 வாட் அளவில் மட்டும் காட்டினால் மோட்டார் மட்டும் ஓடுகிறது, ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை. 2000-க்குப் போய், சில நிமிடத்தில் 200-க்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்து கொண்டிருந்தால் நான் மேலே சொன்ன காற்றடைப்புதான். சில சிறிய மாடல்களில் கம்பிச் சுருளுக்குப் பதில் பீங்கான் வகை ஹீட்டர் இருக்கும். அது காற்று குறைந்தால் தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். எனவே வலையைக் கழுவிய பிறகு அளந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் கணவர் திறக்கலாமா என்றால், மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் பின்மூடி வரை திறக்கலாம் என்பேன். தெரியாதவர் என்றால் வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மிஷின்மேல் வைக்க வேண்டும். மோட்டாரோடு இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதன் முனைகளைத் தொடக் கூடாது. தகட்டின் விளிம்புகள் கத்தி மாதிரி வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது அளப்பது இல்லை, உள்ளே குவிந்திருக்கும் பஞ்சை வேக்குவத்தால் எடுப்பது. ஹீட்டர் கூட்டைச் சுற்றியும் காற்றாடிக்குப் பக்கத்திலும் கைப்பிடி கைப்பிடியாக இருக்கும். வலையை ஒவ்வொரு முறை சுத்தம் செய்கிற வீட்டிலும் வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தே ஆக வேண்டும். பஞ்சும் சூடும் ஒரே இடத்தில் இருந்தால் தீ வர வேறு எதுவும் தேவையில்லை. பல்லி, கரப்பான் பூச்சி சர்க்யூட் போர்டில் செத்துக் கிடப்பதும் நம் ஊரில் சகஜம், அதையும் பாருங்கள்.

அளக்கும்போது ஹீட்டரின் வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் (மின்தடை) பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் கம்பிச் சுருள் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 1000 வாட் சுருள் 53 ஓம் அளவில். எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. பீங்கான் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஹீட்டர் சரியாக இருந்தும் மின்சாரம் போகவில்லை என்றால், அதன் கூட்டிலேயே பொருத்தியிருக்கும் சிறிய வட்ட வில்லைகளைப் பாருங்கள். ஒன்று சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், இன்னொன்று சூடு எல்லை மீறினால் இணைப்பை அறுத்துவிடும் பாதுகாப்பு கட்-அவுட். ஆறிய நிலையில் இரண்டுமே பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கட்-அவுட் ஒரு முறை அறுந்தால், பட்டன் அமுக்கித் திரும்ப வைக்கும் வகையைத் தவிர, மாற்றித்தான் ஆக வேண்டும். ஹீட்டர் விலையோடு பார்த்தால் அது மலிவான சாமான். புடுவில் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியும் ஆம்பியரும் அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறுந்த கட்-அவுட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, "டைரக்ட் பண்ணிவிட்டேன், இனி பிரச்சினை வராது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஷின் உடனே சூடாகும், காசும் குறைவு, வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த வில்லை எதற்காக அறுந்ததோ அந்தக் காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது, இப்போது தடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் தூங்குகிற வீட்டில், 14-வது மாடியில், இதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். யாராவது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சரி செய்யும் வரை மிஷினைப் போடாதீர்கள். கட்-அவுட் மாற்றுகிறவரிடம், அது ஏன் அறுந்தது என்று கட்டாயம் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

மற்றப் பழுதுகள் உங்கள் கேள்விக்கு வெளியே இருந்தாலும் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக. மோட்டார் சத்தம் வந்து டிரம் நின்றால், கையால் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் பெல்ட் அறுந்துவிட்டது. 'ம்ம்' என்று முனகல் மட்டும் வந்து எதுவும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். கிறீச் என்ற சத்தம் கப்பியிலோ பின் பேரிங்கிலோ. ஈரத்தை அளந்து தானாக நிற்கும் மாடல் சீக்கிரமே நின்றுவிட்டால், டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளை வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள், அங்கேயும் சாஃப்டனர் படலம்தான். இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். மின்சாரம் எங்கோ உடம்புத் தகட்டுக்குக் கசிகிறது, அது நிபுணர் வேலை.

பிளக்கையும் பாருங்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து. அரை மணி ஓடியதும் பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம், கையை இழுத்துக்கொள்ளும் சூடு இருக்கக் கூடாது. பிளக்கின் காலோ சாக்கெட்டின் துளையோ பழுப்பாகியிருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். சாக்கெட் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். டிரையரையும் வாஷிங் மிஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடவே கூடாது. வாஷிங் மிஷின் தண்ணீரைச் சூடாக்கும் வகை என்றால் இரண்டும் சேர்ந்து 13 ஆம்பியரை எளிதாகத் தாண்டிவிடும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துடைத்த துண்டு, சமையலறையில் எண்ணெய் துடைத்த துணி, தைலம் தேய்த்த பெட்ஷீட், இவை துவைத்த பிறகும் எண்ணெய் மிச்சம் இருக்கும். சூட்டில் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே மேலும் சூடாகும். குவியலாகக் கிடந்தால் வெளியிலிருந்து நெருப்பு இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். டிரையரோடு வரும் கையேடுகளில் இந்த எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. நல்லெண்ணெய் வாசம் போகாத துண்டைக் கொடியில் போடுங்கள். அதே காரணத்துக்காக, மிஷின் கடைசியில் சூடில்லாமல் சுற்றுகிற பத்து நிமிடத்தை இடையில் நிறுத்திவிட்டு, கொதிக்கிற துணியை அப்படியே கூடையில் குவித்து வைக்காதீர்கள். டிரையரைப் போட்டுவிட்டு வெளியே கிளம்புவதும் தூங்கப் போவதும் வேண்டாம்.

புதிது வாங்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இதுதான். பழுது பார்க்கும் செலவு அதே அளவுப் புதிய மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் வாங்கிவிடலாம். 4 வருடம் ஒரு டிரையருக்கு வயசே இல்லை, டிரம்மும் மோட்டாரும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். யார்டைத் திறக்கவே வழியில்லாத வீடு என்றால் மட்டும் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். அது ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்த்துவிடும், ஆவி வெளியே வராது. மின்சாரமும் சாதாரண வகையில் ஏறக்குறைய பாதிதான் ஆகும். விலை கூடுதல், காய எடுக்கும் நேரமும் கூடுதல், உள்ளே இருக்கும் இரண்டாவது வலையையும் சுத்தம் செய்ய வேண்டும். அதன் வாயுச் சுற்றில் பழுது வந்தால் நானும் கை வைப்பதில்லை, அதற்கென்று பயிற்சி எடுத்தவர்களிடம் அனுப்பிவிடுவேன். பல மாடல்களில் இருக்கும் வாயு எரியக்கூடியது.

இன்றைக்கு வலையைக் கழுவிக் காயவைத்து, யார்டு ஜன்னலைத் திறந்து, நன்றாகப் பிழிந்த துணியைப் பாதி டிரம் அளவு போட்டு ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, வாட் மீட்டர் முதல் பத்து நிமிடத்தில் என்ன காட்டியது, பின்தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கிறது, இந்த மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். ஹீட்டர் மாற்ற வேண்டுமா இல்லையா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன். அதுவரை அந்த 380 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.